குடிகாரன் என்ற சொல்

இன்று ஒரு சொல்லின் வரலாறு.

விடியுமுன் போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் குடித்தால் பெயர் அவரோடு நிற்பதில்லை. இவர் 'குடிகாரன் பொண்டாட்டி', பள்ளிக்கூடத்தில் பையன் 'குடிகாரன் மகன்'. அந்தப் பெயரோடு என் வகுப்பிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

நம் சட்டமும் முதலில் குடியைக் குற்றமாகத்தான் பார்த்தது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடித்தவரைக் கொண்டுபோன இடம் போலீஸ் ஸ்டேஷன். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. கடை வந்தது, வசவு போகவில்லை.

1979-ல், முன்னாள் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் குடியால் இளவயதில் இறந்தார். இப்படிப்பட்ட சாவைக் குடும்பங்கள் மூடி மறைப்பதுதான் வழக்கம். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் சிகிச்சை மையம் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நாம் அறிவது அதைத்தான். இது நோய், இதற்கு வைத்தியம் உண்டு, வீட்டாருக்கும் ஆலோசனை வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம் போட்டு, ஊருக்குள்ளேயே சிகிச்சை கொடுத்தார்கள். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 'குடிநோயாளி' என்ற சொல்லும் மெல்ல நம் காதுக்குப் பழகியது.

சொல்லில் என்ன இருக்கிறது என்பீர்கள். 2010-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனநலத் துறையினர் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரே ஆளின் கதையைப் படித்தார்கள். சிலருக்கு அவர் 'போதையைத் தவறாகப் பயன்படுத்துபவர்', மற்றவர்களுக்குப் 'போதைப் பழக்கக் கோளாறு உள்ளவர்'. முதல் பெயரைப் படித்தவர்களே, தப்பு அவர் மேல்தான், தண்டிக்கலாம் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வைத்தியம் படித்தவர்களுக்கே இப்படி என்றால் நம் தெருவைச் சொல்லவா வேண்டும்?

2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார், வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திப் பார்ப்பார். பல வருஷம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வை அவசியம். கானாவிலக்கு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

உங்கள் தெருவில் ஒருவர் சிகிச்சை முடித்து வந்தால், "திருந்திட்டியா?" என்று கேட்காதீர்கள். சர்க்கரை நோய்க்காரரை அப்படிக் கேட்கமாட்டோம். "உடம்பு எப்படி இருக்குப்பா?" என்று கேளுங்கள். அவர் பிள்ளையை அதன் சொந்தப் பெயரால் கூப்பிடுங்கள்.