ஜின்னுக்கு விதித்த வரி

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதியையொட்டி லண்டனில் ஜின் மதுவுக்கு இழவு கொண்டாடினார்கள். கடைப்பலகைகள் மீது கறுப்புத்துணி போர்த்தப்பட்டது. அம்மதுவின் செல்லப்பெயரான 'மேடம் ஜெனீவா'வுக்குப் போலிச் சவ ஊர்வலங்கள் நடந்தன. அன்று நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, சில்லறையில் விற்கும் ஒவ்வொரு காலனுக்கும் 20 ஷில்லிங் வரி. விற்பவர் ஆண்டுக்கு 50 பவுன் கட்டி உரிமம் பெறவேண்டும். கூடையிலும் தள்ளுவண்டியிலும் வைத்துக் குவளைக்கணக்கில் விற்ற ஏழைப்பெண்கள் ஒருசேரக் கண்டிராத தொகை அது.

இத்தாகத்தை வளர்த்ததே அரசுதான். 1690இல் சாராயம் வடிக்கும் தொழிலை எவரும் செய்யலாமென்று திறந்துவிட்டது நாடாளுமன்றம். தம் தானியத்துக்கு நல்ல விலை கிடைத்ததில் நிலக்கிழார்கள் மகிழ்ந்தார்கள். 1729இல் முதன்முதலாக வரியை உயர்த்தியபோது அது நறுமணம் சேர்த்த மதுவுக்கு மட்டுமே பொருந்தியது. வடிப்பவர்கள் ஜூனிப்பர் காயை நீக்கிவிட்டு வெறும் சாராயத்தை விற்று, அதற்கு 'பார்லிமெண்ட் பிராந்தி' என்று பெயரும் சூட்டினார்கள்!

1736இன் வரி வருவாய்க்காக விதிக்கப்பட்டதன்று; ஏழைக்கு ஜின் எட்டாதபடி செய்வதே அதன் நோக்கம். எட்டாமற்போனது உரிமம்தான். அதை வாங்கியவர் மிகச் சிலரே. மருந்துக்கடைகளில் வயிற்றுவலித் தைலமென்ற பெயரில் ஜின் கிடைத்தது. டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்பவர் ஒரு வீட்டுச் சன்னலில் பூனையுருவம் ஒன்றைப் பொருத்தினார். அதன் வாயில் காசு போட்டால் பாதத்தடியிலுள்ள குழாய்வழியே ஜின் வழியும். விற்பவர் முகம் தெரியாததால் காட்டிக்கொடுக்க வழியில்லை. இதை அவரே தன்வரலாற்றில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்.

பூனை வைக்க வசதியற்றவர்கள் அகப்பட்டார்கள். தெருவில் விற்றால் 10 பவுன் அபராதம், கட்ட இயலாவிடில் 2 மாதம் சிறை, துப்புக்கொடுத்தவருக்கு 5 பவுன். துப்புக்கொடுப்பதே பிழைப்பாகிவிட, அவர்களைக் கூட்டம் துரத்தியடித்தது, சிலர் மாண்டனர். குடிப்பவனுக்கோ ஜின் கிடைத்துக்கொண்டேயிருந்தது, அதில் என்ன கலந்திருக்கிறதென்று கேட்க ஆளில்லாமல்.

1743இல் போர்ச்செலவுக்குப் பணம் தேவைப்பட்டதும் இச்சட்டம் கைவிடப்பட்டது. ஆயர்கள் எதிர்த்து வாக்களித்தும் பயனில்லை. உரிமக்கட்டணம் 1 பவுனாயிற்று. வரி சிறிதாகி, சில்லறைக் கடையிலிருந்து வடிசாலைக்கு இடம்பெயர்ந்தது. நூறு சந்துகளைத் துரத்துவதைவிட ஒரு வடிசாலையை அளப்பது எளிது. இந்த மாற்றமே முக்கியமானதென்று எனக்குத் தோன்றுகிறது.

ஹோகார்த் 'ஜின் சந்து' ஓவியத்தை வெளியிட்ட 1751இல் அவ்வரி மேலும் சில பென்ஸ் உயர்ந்தது. உரிமமற்றவருக்கு வடிசாலைக்காரர் விற்பதும் தடைசெய்யப்பட்டது. கூடவே இன்னொரு விதி: 20 ஷில்லிங்குக்குக் குறைவான சாராயக் கடனை வழக்காடி வசூலிக்கமுடியாது. கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை மூடினார். கூலிநாள்வரை கடனில் குடித்தவனுக்கு இதுவே உண்மையான விலையேற்றம். ஜின் உற்பத்தி சரியத் தொடங்கியது. 1757இல் விளைச்சல் பொய்த்துத் தானியத்தில் சாராயம் வடிப்பதே தடைசெய்யப்பட்டபோது, லண்டன்வாசிகள் பலர் போர்ட்டர் பீருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.