பழைய டிரெய்லரில் சாம்பல்நீர்த் தொட்டி: சட்டத்துக்குள்ளா, சட்டத்துக்குக் கீழா?

1950, 60-களில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய பயண டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாம்பல்நீர்த் தொட்டியே கிடையாது. கழிவறைக்கு ஒரு தொட்டி இருந்தால் அதிகம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீருமான சாம்பல்நீர் குழாய் வழியே தரைக்கோ வாளிக்கோ போனது. இன்று பல முகாம்களில் அப்படி விட முடியாது. ஆகவே பழைய ஏர்ஸ்ட்ரீம், ஷாஸ்டா போன்ற டிரெய்லரைப் புதுப்பிப்பவர், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் இரு நீள இரும்புகளுக்கு நடுவே தொட்டியைப் பொருத்துவதா, சட்டத்துக்குக் கீழே வைப்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

முதலில் இடம். பழைய ஏர்ஸ்ட்ரீம்களில் நீள இரும்பின் உயரம் நான்கைந்து அங்குலம்தான். 10 செ.மீ. ஆழத்தில் 100 லிட்டர் பிடிக்க, ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் வேண்டும். அந்த இடத்தில் குறுக்குச் சட்டம் ஏதாவது நிற்கும். அதை வெட்டினால், அதன் வேலையைச் செய்ய வேறு இரும்பை வெல்டிங் செய்தே ஆக வேண்டும். அல்லது தொட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கீழே வைத்தால் எதையும் வெட்ட வேண்டாம், ஆழமான தொட்டியும் கொள்ளும். ஆனால் தரை இடைவெளி குறையும். அச்சுக்கு வெகு பின்னால் வைத்துவிட்டால், மேடு ஏறி இறங்கும்போது முதலில் உரசுவது தொட்டிதான்.

அடுத்தது வாட்டம். வடிகுழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு தேவை. ஷவர் தட்டு தரையை ஒட்டியே இருப்பதால், உள்ளே வைக்கும் தொட்டிக்கு மேல் வாட்டத்துக்கும் நாற்றம் தடுக்கும் டிராப்புக்கும் இடம் மிகக் குறைவு. கீழே வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தொட்டியின் வாய் மிகவும் தாழ்ந்தால், முகாமின் கழிவுக்குழாய் அதைவிட மேலே நிற்கக்கூடும். அப்போது நீர் வடியாது.

குளிரில் நிலைமை தலைகீழ். நீர் உறைந்தால் சுமார் 9 விழுக்காடு விரியும். கீழே காற்றில் நிற்கும் தொட்டியும் வால்வும்தான் முதலில் வெடிக்கும். உள்ளே இருப்பதற்கு அறையின் சூடு ஓரளவு கிடைக்கும். பழுது என்று வந்தால் கீழே உள்ளதை போல்ட் கழற்றி இறக்கலாம்; உள்ளே உள்ளதற்கு ரிவெட்டுகளைத் துளைத்து, வண்டியின் அடியை மூடும் அடித்தகட்டையே பிரிக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது தாங்கல். பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். 30 காலன் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே 113 கிலோ. பள்ளத்தில் வண்டி இறங்கும் நொடியில் சுமை இன்னும் கூடும். பாலிஎதிலீன் ஓயாத சுமையில் மெல்லத் தொய்யும் பொருள். இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்கவிட்டால், பட்டைகளுக்கு நடுவே அடிப்பாகம் பிதுங்கும். கடைசியில் வடிகுழாய் பொருத்திய இடத்தில் விரிசல் விடும். ஏர்ஸ்ட்ரீமின் மெல்லிய அலுமினிய அடித்தகட்டையும் நம்பக் கூடாது. அது மூடுவதற்கு உள்ளது, சுமப்பதற்கு அல்ல.

தேவை ஒரு தட்டு: நான்கு பக்கமும் எல்-ஆங்கிள், நடுவே குறுக்காக இரண்டு மூன்று ஆங்கிள், அதன்மேல் அடிப்பாகம் முழுவதையும் ஏந்தும் தகடு, இடையில் ரப்பர். தகடு அலுமினியமானால் இரும்பில் நேராகப் படக் கூடாது. ஈரம் சேர்ந்தால் அரிக்கும். பக்கங்களில் இடைவெளியும் விட வேண்டும். 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒரு மீட்டர் பாலிஎதிலீன் நான்கைந்து மில்லிமீட்டர் நீளும். இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இறுக்கிப் பிடித்தால் பிளாஸ்டிக்தான் தோற்கும்.

எங்கே வைத்தாலும் அச்சுக்கு அருகில் இருக்கட்டும். 1970-களின் நீளமான ஏர்ஸ்ட்ரீம்களில் பின்பக்கச் சட்டம் உடலிலிருந்து விலகுவது தெரிந்த குறை. அங்கே இன்னொரு நூறு கிலோவை ஏற்றுவது அந்தக் குறையை வளர்ப்பதாகும்.

தரையையும் அடித்தகட்டையும் ஏற்கெனவே கழற்றியிருந்தால், உள்ளே வைப்பதே நீண்டநாள் நிம்மதி. தரை நல்ல நிலையில் இருந்து, வண்டியும் உயரமாக நின்றால், கீழே வைப்பது நியாயமான வழி. எதைத் தேர்ந்தாலும், மூடிப் பூட்டுமுன் தொட்டியைத் தட்டில் வைத்து விளிம்புவரை நீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் குறுக்கு ஆங்கிள்களின் கீழே ஒரு நேர்ச்சட்டம் பிடித்துப் பாருங்கள். வளைவு தெரிந்தால் இன்னோர் ஆங்கிள் சேர்க்க அதுவே சரியான நேரம்.