ஓட்டிசமும் பாலின அடையாளமும் (கண்டி)

ஓட்டிசம் உள்ளோர் என்றென்றும் குழந்தைகளே, காதலும் காமமும் அவர்களுக்கு இல்லை என்பது பரவலான, பிழையான எண்ணம். பாலின அடையாளம் பற்றி அறிய, 2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்தனர். அதன்படி, திருநரிடையே ஓட்டிசம் காணப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம். ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளல்ல.

ஓட்டிசம் உள்ள கண்டிப் பிள்ளைகளுக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை உண்டு. வளர்ந்தபின் வருவது பாலின அடையாளம் பற்றிய வேறு கேள்வி. இலங்கைச் சுகாதார அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, திருநர் ஒருவர் உளமருத்துவர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். ஆனால் ஓட்டிசத்தால் பேசத் தடுமாறும் ஒருவர் தன்னை மருத்துவருக்கு விளக்குவது இலேசல்ல. எழுத்தும் படங்களும் கூடுதல் நேரமும் வேண்டும்.

காதலுறவுகள் பற்றிய சட்டத்தைப் பொறுத்தவரை, ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது.