ஹார்லெம் நகரின் ஆர்கன் போட்டி

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1951இல் பைப் ஆர்கனுக்கான மனோதர்மப் போட்டி தொடங்கியது. போருக்குப் பின் ஐரோப்பாவெங்கும் பெருகிய இசை விழாக்களில் அதுவும் ஒன்று என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆர்கன் கலைஞரைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுப்பது அந்தத் தொழிலோடு உடன்பிறந்த வழக்கம். வயலின்காரர் தம் கருவியோடு ஊர் ஊராகப் போகலாம். ஆர்கன் அப்படியல்ல; அது கட்டடத்தோடு சேர்ந்தது. ஹார்லெமின் புனித பாவோ ஆலயத்தில் கிறிஸ்டியன் முல்லர் 1735 முதல் 1738 வரை கட்டிய ஆர்கனில் சுமார் 5,000 குழாய்கள் இருக்கின்றன. அப்படியொரு கருவியை எந்தக் கலைஞரும் சொந்தமாக வாங்கிவிட முடியாது. கருவி கைக்கு வர வேண்டுமானால் பதவி கிடைக்க வேண்டும். பதவியோ ஒன்று, கேட்பவர் பலர். வாசித்துக் காட்டித்தான் வெல்ல வேண்டியிருந்தது.

நெதர்லாந்தில் இந்த வழக்கத்துக்கு நகரசபைகள் பின்பலமாயின. 1578இல் பாவோ ஆலயம் சீர்திருத்தச் சபையினர் கைக்கு மாறியது. வழிபாட்டில் ஆர்கன் ஒலிப்பதை அச்சபையின் கால்வினியர் பலர் விரும்பவில்லை. ஆனாலும் நகரங்கள் கருவிகளைக் கைவிடவில்லை. சம்பளம் கொடுத்துக் கலைஞர்களை அமர்த்தி, வழிபாட்டுக்கு வெளியே ஊர்மக்களுக்காக வாசிக்கச் செய்தன. ஆம்ஸ்டர்டாமில் ஆர்கன் கலைஞர் ஸ்வேலிங்க் பெரும்புகழ் பெற்றது இந்த ஏற்பாட்டில்தான். பாவோ ஆர்கன் இன்றும் ஹார்லெம் நகராட்சியின் சொத்து. 1766இல் பத்து வயது மோட்சார்ட் அதில் வாசித்தார்.

கலைக்குப் போட்டி ஆகாது, அது விரல் வேகத்தை வளர்க்குமே தவிர இசையை வளர்க்காது என்பார்கள். பழைய தேர்வுகள் நேர்மையாக நடந்ததாகவும் சொல்ல முடியாது. 1720இல் ஹாம்பர்க்கின் யாக்கோபி ஆலயப் பதவிக்கான பட்டியலில் யோகான் செபாஸ்டியன் பாக் பெயரும் இருந்தது. தேர்வு நாளுக்கு முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார். பதவி ஹைட்மன் என்பவருக்குப் போனது. அவர் ஆலயத்துக்குச் செலுத்திய தொகை 4,000 மார்க். இரண்டு ஆட்சேபங்களுக்கும் ஹார்லெம் தேர்ந்த வடிவம் நல்ல விடை. மனப்பாடம் செய்த உருப்படி அங்கே உதவாது. கருப்பொருள் மேடையேறச் சற்று முன்புதான் கைக்கு வரும். வாசிப்பவர் மாடத்தில், முதுகுப்புறம் தொங்கும் சிறிய குழாய்ப் பேழையின் மறைவில் உட்கார்கிறார். இருபுறமும் உதவியாளர்கள் நின்று, குழாய் வரிசைகளைத் திறக்கும் ஸ்டாப்புகளை இழுத்துத் தருவார்கள். கீழே இருப்பவருக்கு அவர் முகமோ கையசைவோ தெரியாது. கேட்கும் ஒலியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். ஓட்டமான விரல்கள் மட்டும் இருந்தால், சிந்தனை தீர்ந்த இடத்தில் வாசிப்பும் சரிந்துவிடும்.

போட்டி மட்டுமே கலைஞரை உருவாக்கிவிடாது என்பது மெய்தான். அதை உணர்ந்தே 1955இல் கோடைப் பயிற்சிக் கழகமும் அங்கே தொடங்கப்பட்டது. இளைஞர்கள் ஆசிரியர்களோடு அமர்ந்து பழைய ஆர்கன்களைத் தொட்டுப் பழக அது வழிசெய்தது. இந்தக் கருவியைக் கற்பவருக்குப் பரிசுப் பணத்தைவிட இதுவே பெரிய உதவி என்பேன்.

வியன்னாவின் ஆன்டன் ஹைலர் 1952இல் போட்டியை வென்றார். அடுத்த மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்றவர் பீட் கே. 1956இல் அவரையே ஹார்லெம் தன் நகர ஆர்கன் கலைஞராக நியமித்தது; 1989 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.