பெலூஸோவின் குடுவை

மாஸ்கோவில் 1951இல் ஒரு கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. எழுதியவர் போரிஸ் பெலூஸோவ் என்ற ரசாயன விஞ்ஞானி. உடலின் செல்கள் உணவை எரிக்கும் விதத்துக்குச் சோதனைக் குழாயில் ஒரு மாதிரி கிடைக்குமா என்று தேடியவர், ஸிட்ரிக் அமிலம், பொட்டாஸியம் புரோமேட், கொஞ்சம் சீரியம் உப்பு இவற்றைக் கந்தக அமிலத்தில் கலந்தார். மஞ்சள் திரவம் வெளுத்தது. வெளுத்தது மறுபடி மஞ்சளாயிற்று. பிறகு மறுபடி வெளுத்தது, கடிகாரம் மாதிரி.

நடக்க முடியாத காரியம் என்றார் பத்திரிகாசிரியர்.

அவரை மூடர் என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனித்து விடப்பட்ட கலவை சமநிலையை நோக்கிச் சரியும், சரிந்தது தானாக மேலேறாது என்ற விதி அவர் பக்கம் இருந்தது. அமெரிக்காவில் வில்லியம் ப்ரே 1921இல் இதுபோன்ற ஓர் ஊசலாட்டத்தை அறிவித்தபோதும் தூசி, அசுத்தம் என்றுதான் சொன்னார்கள். வங்கியில் மாலைக் கணக்கு நேராகாவிட்டால் குமாஸ்தாவைச் சந்தேகிப்போமே தவிரக் கூட்டல் விதியை அல்ல.

விதி பொய்க்கவில்லை. அதை வாசித்த விதம்தான் பிசகு. முடிவு எங்கே என்று விதி சொல்கிறது. போகிற வழி நேர்கோடாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. குடுவையில் புரோமேட்டும் அமிலமும் செலவாகிக்கொண்டேதான் இருக்கின்றன, அவை மீள்வதில்லை. மீள்வது சீரியத்தின் நிறம் மட்டுமே. கடிகாரத்தின் ஊசல் தன் நடுப்புள்ளியைக் கடப்பதுபோல் இத்திரவம் சமநிலையைக் கடப்பதில்லை. அதற்கு வெகு தொலைவில் நின்று ஆடுகிறது, நெருங்கினால் ஓய்ந்துவிடுகிறது.

ஆறு வருஷ உழைப்பில் எழுந்த இரண்டாம் கட்டுரையைச் சிறு குறிப்பாகச் சுருக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். 1959இல் கதிரியக்க மருத்துவச் சுருக்கங்களின் தொகுப்பொன்றில், யார் கண்ணிலும் படாத இடத்தில், சில பக்கங்கள் அச்சாயின. 1961இலிருந்து அனடோலி ஷபோடின்ஸ்கி என்ற இளைஞர் அதைத் தொடர்ந்தார். ஸிட்ரிக்குக்குப் பதில் மலோனிக் அமிலம் சேர்த்து, கலவையைக் கலக்காமல் மெல்லிய படலமாக ஊற்றியபோது வட்ட அலைகள் பரவின. 1980களில் டெக்ஸாஸில் ஹாரி ஸ்வின்னியின் குழு, புதுக் கலவையை ஊட்டிப் பழையதை வெளியேற்றியபடியே அதைத் துடிக்க வைத்தது. ஊட்டும் வேகத்தை மாற்றினால் அதே திரவம் ஒருசமயம் சீராகத் துடித்தது, ஒருசமயம் அடுத்த துடிப்பைக் கணிக்க முடியாமல் தடுமாறியது.

பெலூஸோவ் 1970இல் இறந்தார். லெனின் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது 1980இல். 1951இன் ஆசிரியர் மீது எனக்குள்ள புகார் ஒன்றுதான்: விதியை நம்பியது சரி, ஒருமுறை கலந்து பார்த்திருக்கலாம்.