கல்லீரல் கட்டிகளுக்கு நுண்ணலை சிகிச்சை: வெப்பத்தின் எல்லையைக் கணிக்கும் கணினி மாதிரிகள்

கல்லீரலில் தோன்றும் சிறிய புற்றுநோய்க் கட்டிகளை, வயிற்றைத் திறக்காமல் வெப்பத்தால் அழிக்கும் முறை நுண்ணலை சிகிச்சை எனப்படுகிறது. பொதுவாக 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது.

ஸ்கேன் உதவியுடன் ஊசி போன்ற ஆன்டெனா ஒன்று தோல் வழியாகக் கட்டிக்குள் செலுத்தப்படுகிறது. அதிலிருந்து 915 மெகாஹெர்ட்ஸ் அல்லது 2.45 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வெளிப்படும் அலைகள், திசுவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அதிரச் செய்து வெப்பமூட்டுகின்றன. வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனடியாக மடிகின்றன.

கட்டியைச் சுற்றி 5 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலான நலமான திசுவும் அழிக்கப்பட வேண்டும். வெப்பம் குறைந்தால் புற்றுநோய் மீண்டும் வளரக்கூடும். எல்லை மீறினால் பித்தநாளமோ அருகிலுள்ள குடலோ பாதிக்கப்படலாம். சிகிச்சையின்போது எழும் நீராவிக் குமிழிகள் அல்ட்ராசவுண்ட் படத்தை மறைத்துவிடுவதால், வெப்பம் பரவும் எல்லையை முன்கூட்டியே கணிப்பது அவசியமாகிறது.

இப்பணியில் கணினி மாதிரிகள் உதவுகின்றன. ஆன்டெனாவும் கல்லீரலும் நுண்ணிய கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, முதலில் மின்காந்தப் புலமும், பின்னர் வெப்பப் பரவலும் கணக்கிடப்படுகின்றன. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் சுமார் 12 சென்டிமீட்டர். நீர்ச்சத்து மிகுந்த கல்லீரலில் அது 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் ஆன்டெனாவில் அலை வெளியேறும் பிளவு சில மில்லிமீட்டர் இடம் மாறினாலும் வெப்பப் பகுதியின் வடிவம் மாறக்கூடும். வெப்பம் ஆன்டெனாவின் தண்டு வழியே பின்னோக்கிப் பரவுவதைத் தடுக்கும் வடிவமைப்புகளும் இவ்வாறே சோதிக்கப்படுகின்றன.

எனினும் ரத்த ஓட்டம் இக்கணிப்புகளுக்குச் சவாலாக உள்ளது. மனித முன்கையின் வெப்பநிலையை ஆராய்ந்த ஹாரி பென்னஸ் 1948-ஆம் ஆண்டு வெளியிட்ட சமன்பாடே பெரும்பாலான மாதிரிகளுக்கு அடிப்படையாகும். ரத்தம் திசு முழுவதும் சீராகப் பரவியிருப்பதாக அது கருதுகிறது. ஆனால் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுள்ள ரத்தக் குழாய்கள் அருகிலுள்ள வெப்பத்தை ஈர்த்துச் செல்வதால், குழாயை ஒட்டிய புற்றுநோய் செல்கள் தப்பிவிடக்கூடும். இத்தகைய குழாய்களை மாதிரியில் தனியே சேர்க்க வேண்டியுள்ளது. மேலும், திசு சூடாகி நீரை இழந்து சுருங்கும்போது அதன் மின் பண்புகளும் மாறுகின்றன.

மாதிரிகளைச் சரிபார்க்க, உடலிலிருந்து அகற்றப்பட்ட விலங்குகளின் கல்லீரல் பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. அதில் ரத்த ஓட்டம் இல்லாததால், அங்கு கிடைக்கும் அளவுகளை நோயாளிக்கு அப்படியே பொருத்த இயலாது. எனவே, கட்டி முழுமையாக அழிந்ததா என்பதைச் சிகிச்சைக்குப் பின் எடுக்கப்படும் ஸ்கேன் மூலமே மருத்துவர்கள் உறுதி செய்கின்றனர்.