மலையைத் தாண்டிட்டோம்னு நினைச்ச விமானங்கள்

இன்னைக்கு எபிசோடை தேனி மாவட்டத்துல, பொட்டிப்புரத்துல இருந்து ஆரம்பிக்கலாம். பேரைக் கேட்டதுமே பல பேருக்கு நியூட்ரினோ ஞாபகம் வந்திருக்கும். இந்த ஊரை ஒட்டின அம்பரப்பர் மலையைக் குடைஞ்சு, சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் இரும்புல ஒரு கருவி வைக்கிறதுதான் திட்டம். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் போராட்டம், வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம். 2022ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல இதை அனுமதிக்க முடியாதுன்னே சொல்லிடுச்சு. அந்தக் கதைக்குத் தனி எபிசோடே வேணும்.

நமக்கு இன்னைக்கு வேண்டியது ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, பொட்டிப்புரத்துல நின்னு தென்கிழக்கே பார்த்தா தெரியுற மலை. இன்னொண்ணு, இந்தத் திட்டத்தை முன்னெடுத்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கின மனுஷன். ரெண்டுமே போய் முடியுறது விமான விபத்துல.

முதல்ல மலை. 1971 டிசம்பர் 9. இந்தியன் ஏர்லைன்ஸோட ஆவ்ரோ விமானம் ஒண்ணு கேரளப் பக்கமிருந்து மதுரைக்கு வந்துட்டு இருந்தது. ஹாக்கர் சிட்லி 748ங்கிறது முழுப் பேர். ரெண்டு டர்போப்ராப் என்ஜின். அந்தக் காலத்துல சின்ன ஊர்களுக்கெல்லாம் போன விமானம், நம்ம நாட்டுலயே கான்பூர்ல உருவாச்சு. விமானிகள் மதுரையில இறங்குறதுக்காக உயரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. பகல் நேரம்தான், ஆனா பார்வைக்கு எதுவும் தெளிவா இல்லை. மதுரைக்கு இன்னும் 50 மைல் இருக்கும்போது, சின்னமனூர் பக்கத்து மலையில மோதிடுச்சு. இருந்தது 31 பேர். ஊழியர்கள் 4 பேரும் பயணிகள் 17 பேரும் இறந்துட்டாங்க. 10 பேர் பிழைச்சாங்க.

தேதியைக் கவனிச்சீங்களா? பாகிஸ்தான் போர் நடந்துட்டு இருந்த நேரம். அதே 9ஆம் தேதி ராத்திரிதான் ஐஎன்எஸ் குக்ரி அரபிக்கடல்ல மூழ்குச்சு. நாடே போர்ச் செய்தியைப் பார்த்துட்டு இருந்தப்போ நடந்த விபத்து இது. கம்பம் பள்ளத்தாக்குல வளர்ந்த நம்ம வயசுப் பசங்ககிட்ட கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்கு இது தெரியும்னு.

சரி, மதுரைக்குப் போற விமானம் அங்கே எதுக்கு அவ்வளவு தாழ்வா இருந்தது? விசாரணையில இப்படிச் சொன்னாங்கன்னு நான் சொல்ல வரலை. வரைபடத்தைப் பார்த்தா எனக்குத் தோணுறதைச் சொல்றேன். மேற்கே இருந்து வர்றவங்களுக்கு முதல்ல ஏலக்காய் மலை. அதைத் தாண்டினதும் கம்பம் பள்ளத்தாக்கு, நெல்லும் திராட்சையுமா விரிஞ்சு கிடக்கும். 'அப்பாடா, மலை முடிஞ்சது'ன்னு தோணும். ஆனா முடியலை. கிழக்கே இன்னொரு மலைவரிசை இருக்கு: மேகமலை, வருசநாடு. ஊர்க்காரங்க ஹைவேவிஸ்னு சொல்வாங்களே, அந்தப் பக்கம். தேயிலைத் தோட்டங்களே சுமார் 1,500 மீட்டர் உயரத்துல இருக்கு. அதுக்கும் அப்பாலதான் மதுரைச் சமவெளி. டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை மேகம் கவிஞ்சா அந்த ரெண்டாவது மலை இருக்கிறதே தெரியாது. அந்த மலைக்கு மேகமலைன்னு சும்மாவா பேர் வெச்சாங்க?

இந்த மாதிரி விபத்துக்கு விமானத்துறையில ஒரு தனி வகையே வெச்சிருக்காங்க. என்ஜின் ஓடுது, இறக்கை சரியா இருக்கு, விமானம் முழுக்க விமானி கட்டுப்பாட்டுல இருக்கு. ஆனா நேராப் போய்த் தரையில மோதுது. விமானி மனசுல இருக்கிற இடம் ஒண்ணு, விமானம் நிஜமா இருக்கிற இடம் வேற. அந்த ரெண்டுக்கும் நடுவுல எப்போ, எப்படி இடைவெளி விழுந்ததுன்னு கண்டுபிடிக்கிறதுதான் புலனாய்வாளர்களோட வேலை.

இதைப் புரிஞ்சுக்க நல்ல உதாரணம் இன்னொரு இந்திய விமானம். இங்கேதான் நம்ம ரெண்டாவது ஆள் வர்றார்: ஹோமி பாபா.

1966 ஜனவரி 24. ஏர் இந்தியாவோட போயிங் 707, பேரு 'கஞ்சன்ஜங்கா'. பம்பாய், டெல்லி, பெய்ரூட், ஜெனீவா, லண்டன்னு போற விமானம். 106 பயணிகள், 11 ஊழியர்கள். வியன்னாவுல சர்வதேச அணுசக்தி முகமையோட கூட்டத்துக்குப் போக பாபா அதுல ஏறியிருந்தார். பெய்ரூட்ல கிளம்பும்போதே விமானத்துல ஒரு குறை இருந்தது, கேப்டனுக்கும் அது தெரியும். தரையில இருக்கிற ரேடியோ நிலையம் எந்தத் திசையில இருக்குன்னு காட்டுற விஓஆர் கருவி ரெண்டு இருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு நிலையத்தைப் பிடிச்சா, ரெண்டு கோடும் வெட்டுற இடம்தான் நீங்க இருக்கிற இடம். அந்த ரெண்டுல ஒண்ணு வேலை செய்யலை.

ஜெனீவாவை நெருங்கியாச்சு. விமானம் 19,000 அடியில. கீழே மேகம், முன்னாடி மோ பிளாங் சிகரம், 4,800 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. பார்வை தெளிவா இருந்தா, மேகத்துக்கு மேல 1,000 அடி உயரம் விட்டு இறங்கலாம்னு கன்ட்ரோலர் அனுமதி கொடுக்கிறார். மோ பிளாங்கைப் பக்கவாட்டுல கடந்துட்டு இருக்கோம்னு நினைக்கிறதா கேப்டன் சொல்றார். ரேடார்ல பார்க்கிற கன்ட்ரோலருக்கு அது தப்புன்னு தெரியுது. அவர் சொன்னது இவ்வளவுதான்: மோ பிளாங்குக்கு உங்களுக்கு 5 மைல் இருக்கு. கேப்டன் 'ரோஜர்' சொல்றார். அதோட குரல் நின்னு போச்சு.

அந்த '5 மைல்' எங்கே? முன்னாடியா, பக்கத்துலயா? கன்ட்ரோலர் சொல்ல வந்தது, 'இன்னும் நீங்க அங்கே வந்து சேரலை'ங்கிறது. கேப்டன் காதுல அது அப்படி விழலை. விமானம் சிகரத்துக்குக் கொஞ்சம் கீழே மோதுச்சு. 117 பேர், ஒருத்தர் கூட மிஞ்சலை. பிரெஞ்சு விசாரணைக் குழு கடைசியில எழுதினது என்னன்னா: கேப்டன் தன் இடத்தைத் தப்பாக் கணக்குப் போட்டார், கன்ட்ரோலர் அந்தத் தப்பைச் சரியாவே கண்டுபிடிச்சார், ஆனா சொன்ன வாசகம் துல்லியமா இல்லாததால திருத்தம் போய்ச் சேரலை.

இதைவிட வயித்தெரிச்சலான விஷயம், அது முதல் தடவையும் இல்லை. 1950 நவம்பர் 3ஆம் தேதி ஏர் இந்தியாவோட 'மலபார் பிரின்சஸ்' விமானம் அதே மலையில, கிட்டத்தட்ட அதே இடத்துல மோதியிருக்கு. 48 பேர். பயணிகள்ல பெரும்பாலானவங்க கப்பல் வேலைக்குப் போயிட்டு இருந்த இந்திய மாலுமிகள். அந்த விமானம் நிஜமாவே காணாமப் போச்சு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் சிதைவு கண்ணுல பட்டது. தேடிப் போன ரெனே பயோங்கிற உள்ளூர் மலை வழிகாட்டியும் உயிரை விட்டார். பாபாவைப் பத்தி நூறு வீடியோ இருக்கு. அந்த மாலுமிகளைப் பத்தி?

பாபா விஷயத்துல வேற ஒண்ணும் கிளம்புச்சு. 1965 அக்டோபர்ல அவர் வானொலியில பேசும்போது, இந்தியா நினைச்சா 18 மாசத்துல அணுகுண்டு செய்ய முடியும்னு சொல்லியிருந்தார். 1966 ஜனவரி 11ல தாஷ்கண்ட்ல சாஸ்திரி இறந்தார். ரெண்டு வாரத்துல பாபா. அதே ஜனவரி 24லதான் இந்திரா காந்தி பிரதமரா பதவி ஏத்துக்கிட்டாங்க. சந்தேகம் வராம இருக்குமா? பின்னாடி ஒரு பத்திரிகையாளர், ஓய்வு பெற்ற சிஐஏ அதிகாரியோட பேசின உரையாடல்னு ஒண்ணை வெளியிட்டார். விமானத்தோட சரக்கு அறையில குண்டு வெச்சோம்ங்கிற மாதிரி அதுல வரும். அதை உறுதிப்படுத்த ஒரு ஆதாரமும் இல்லை. என் கருத்தைக் கேட்டா, பழுதான கருவியும் அரைகுறை வாக்கியமும் சேர்ந்து 117 பேரைக் கொன்னதுங்கிற பதிலை மனசு ஏத்துக்க மறுக்குது. அவ்வளவு பெரிய மனுஷனுக்கு அவ்வளவு சின்னக் காரணமான்னு.

பனிப்பாறை மட்டும் தன் பாட்டுக்குச் சாட்சிகளை வெளியே தள்ளிக்கிட்டே இருக்கு. 2012ல இந்திய வெளியுறவு அமைச்சகத்தோட தபால் பை ஒண்ணு கிடைச்சது. ரகசியக் கோப்பு இருக்கும்னு பல பேர் எதிர்பார்த்தாங்க, உள்ளே இருந்தது செய்தித்தாள்களும் காலண்டர்களும். 2013ல மரகதமும் நீலக்கல்லும் இருந்த ஒரு பெட்டி. 2020ல, இந்திரா பிரதமர் ஆகப்போறதைத் தலைப்புல போட்ட பேப்பர்கள், ஈரமா, ஆனா படிக்கிற மாதிரி.

இந்த விபத்துகளுக்கு அப்புறம், 1970கள்ல, 'தரை வருது, மேலே தூக்கு'ன்னு விமானமே கத்துற எச்சரிக்கைக் கருவிகள் வந்துச்சு. பின்னாடி உலக நிலப்பரப்பு வரைபடத்தையே அதுக்குள்ள ஏத்தினாங்க. அதனால மலை மோதல்கள் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஆனா கடல்?

2014 மார்ச் 8, எம்எச்370, 239 பேர். அதுல ஒரு சென்னைக்காரரும் இருந்தாங்க. ரேடார்ல இருந்து மறைஞ்ச பிறகும் செயற்கைக்கோளோட அது மணிக்கு ஒருமுறை மாதிரி 'இருக்கேன்'னு சொல்லிக்கிட்டு இருந்தது. அந்தச் சமிக்ஞைகள் போய் வர எடுத்த நேரத்தையும் அதோட அதிர்வெண் மாற்றத்தையும் வெச்சுத்தான் இந்தியப் பெருங்கடலோட தென்பகுதின்னு கணிச்சாங்க. 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடி, 2017 ஜனவரியில நிறுத்தினாங்க. ஆப்பிரிக்கப் பக்கத் தீவுகள்ல கரை ஒதுங்கின துண்டுகள் கிடைச்சது. விமானம் கிடைக்கலை.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு. பயணிகள் விமானம் இல்லை, விமானப் படையோட ஏஎன்-32. 2016 ஜூலை 22 காலையில தாம்பரத்துல இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோட கிளம்பினது. வங்காள விரிகுடாவுக்கு மேல மறைஞ்சது. கப்பலும் விமானமும் வாரக்கணக்குல தேடின. செப்டம்பர்ல, அதுல இருந்தவங்க இறந்துட்டதாகவே கருதணும்னு குடும்பங்களுக்குச் சொன்னாங்க. உடலும் இல்லை, ஒரு துண்டு உலோகமும் இல்லை.

ஏழரை வருஷம் கழிச்சு, 2024 ஜனவரியில ஒரு செய்தி வந்தது. சென்னை பள்ளிக்கரணையில இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தோட ஆளில்லா நீர்மூழ்கி, கரையில இருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்துல, 3,400 மீட்டர் ஆழத்துல எதையோ படம் பிடிச்சிருக்கு. படங்களை ஆராய்ஞ்சு பார்த்தா, ஏஎன்-32ஓட பாகங்களோட ஒத்துப்போகுது. அந்தப் பகுதியில வேற எந்த விமானமும் காணாமப் போனதாப் பதிவே இல்லை. அதனால இது அந்த விமானமா இருக்கலாம்னு பாதுகாப்பு அமைச்சகம் அறிவிச்சது. 'இருக்கலாம்'னுதான் சொன்னாங்க. 29 குடும்பங்களுக்குக் கிடைச்சது அந்த வார்த்தையும், கடலடியில எடுத்த சில படங்களும்.